படிவம் கேட்காத கேள்வி

இது டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சு இல்லை. இன்னொரு டம்ளருக்கும் சேர்த்தே சொல்லிவிட்டு ஆரம்பிப்போம். தற்காலக் கலைக் கண்காட்சிகளுக்குப் போய்வந்தவர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஓவியம் இருக்கும், சிற்பம் இருக்கும் என்று போனோம். சுவர் முழுக்க வருகைப் பதிவு அட்டைகள், மேசையில் கோப்புகள், கண்ணாடிப் பெட்டிக்குள் முத்திரை குத்திய தாள்கள். தாலுகா ஆபீஸில் பார்க்காததையா அங்கே போய்ப் பார்க்க வேண்டும்?”

கலை தெரியாதவர்களின் பேச்சு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. வரிசையில் நின்று கால் கடுத்தவர்கள், “நாளைக்கு வாங்க” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் கேட்கும் கேள்வி இது. இந்தக் கலை அவர்களுக்குத்தான் மிகவும் நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அலுவலகத்துக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் 1920-இல் இறந்துபோனார். அவருடைய பெரிய நூலான ‘பொருளாதாரமும் சமூகமும்’ அதன்பிறகுதான் வெளிவந்தது. நவீன அதிகார அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதற்கு இன்றுவரை எல்லோரும் திரும்பிப் போகும் விளக்கம் அதில் இருக்கிறது. எழுதிவைத்த விதிகள், படிநிலை, பயிற்சி பெற்ற அலுவலர், எல்லாவற்றுக்கும் கோப்பு. இவற்றோடு முக்கியமான இன்னொன்றையும் அவர் சொல்கிறார்: ஆள் யார் என்று பாராமல் வேலை நடக்க வேண்டும். வந்து நிற்பவர் அமைச்சரின் மைத்துனரா, கூலித் தொழிலாளியா என்று எழுத்தர் பார்க்கக் கூடாது. ராஜாவின் மனநிலைக்கும் ஜமீன்தாரின் தயவுக்கும் காத்துக்கிடந்த மனிதருக்கு இது பெரிய விடுதலை. படிவம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்கிறது. அந்தச் சமத்துவத்தை லேசாக எண்ணிவிடக் கூடாது.

அதற்கு ஒரு விலையும் உண்டு. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால், ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டிய வேறு கேள்விகளை விட்டுவிட வேண்டும். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, முகவரி என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். நம் கதை அவற்றுக்கு வெளியே நின்றுவிடும். இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் பெயரும் தேதியும் இடமும் இருக்கும். அவர் யாருக்கு என்னவாக இருந்தார் என்பதற்கு வரி கிடையாது. ஆள் பாராமல் இருப்பதற்காக வந்த ஏற்பாடு, ஆளையே காணாமல் போகவும் வழி செய்துவிடுகிறது. நான் சொல்லப்போகும் கலைஞர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறார்கள். அலுவலகத்தைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். இவர்கள் அலுவலகத்தின் கருவியையே கையில் எடுத்து, படிவம் கேட்காமல் விட்ட கேள்வியை அதன் வழியாகவே கேட்கிறார்கள்.

கலைக்குள் கோப்பு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1960-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு தலைமுறைக் கலைஞர்கள், அழகான பொருளைச் செய்து விற்பதில் நம்பிக்கை இழந்தார்கள். ஒரு கருத்தை முன்வைத்து, அதன் விளைவுகளை ஒழுங்காகப் பதிவு செய்தாலே போதும், அதுவே கலை என்றார்கள். தொடர்வரிசைப் படைப்புகளைச் செய்யும் கலைஞர் ஏறக்குறைய ஓர் எழுத்தரைப் போல வேலை செய்கிறார் என்று அவர்களில் ஒருவரான சால் லெவிட் 1966-இல் எழுதினார். 1972-இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நடந்த ஐந்தாவது டாக்குமென்டா கண்காட்சியில் ‘ஆர்ட் அண்ட் லாங்குவேஜ்’ என்ற குழு, தங்கள் கட்டுரைகளைக் கோப்பு அலமாரிகளில் அடுக்கி அந்த அலமாரிகளையே காட்சிக்கு வைத்தது. 1990-இல் பெஞ்சமின் புக்லோ என்ற கலை வரலாற்றாசிரியர் இந்தப் போக்கை நிர்வாகத்தின் அழகியல் என்று வகைப்படுத்தினார்.

நிர்வாகத்தின் தோற்றம் மட்டும் கலைக்குள் வந்திருந்தால் அது வெறும் பாணியாக நின்றிருக்கும். அதற்குப் பல் முளைத்தது ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞரிடம். நியூயார்க்கில் ஒரு குடும்பமும் அதைச் சேர்ந்தவர்களும் பல நிறுவனப் பெயர்களில் வைத்திருந்த வீடுகளைப் பற்றி, யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய அரசுப் பதிவேடுகளிலிருந்து விவரங்களைத் திரட்டினார். 140-க்கும் மேற்பட்ட கட்டடங்களைத் தெருவில் நின்று படம் எடுத்தார். ஒவ்வொரு படத்தோடும் முகவரி, உரிமையாளர், அடமானம், மதிப்பு என்று தட்டச்சு செய்த தாளை வைத்தார். ஒரு வார்த்தை குற்றம் சாட்டவில்லை. 1971-இல் கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் நடக்கவிருந்த அவருடைய தனிக் கண்காட்சி, தொடங்கச் சில வாரங்களே இருக்கும்போது ரத்தானது. அவருக்காக வாதாடிய பொறுப்பாளர் எட்வர்ட் ஃப்ரை வேலை இழந்தார். பதிவறையில் தனித்தனியாகக் கிடக்கும்வரை யாரையும் உறுத்தாத தாள்கள், ஒரே சுவரில் வரிசையாக நின்றதும் பேசத் தொடங்கிவிட்டன. வில்லங்கச் சான்றை வரிவரியாகப் படித்துப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் படைப்பை விளக்கவே வேண்டாம்.

இப்போது நான் மிகவும் மதிக்கும் ஒருவரிடம் வருகிறேன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்கு அனுமதி வேண்டும்.

மியர்ல் லேடர்மன் யூக்கலஸ் அமெரிக்கர், 1939-இல் பிறந்தவர். 1968-இல் முதல் குழந்தை பிறந்தது. அதுவரை கலைஞராக இருந்தவர் ஒரே நாளில் துணி துவைப்பவராகவும் பாத்திரம் கழுவுபவராகவும் மாறினார். புதிதாக ஒன்றைப் படைப்பவனை உலகம் கொண்டாடுகிறது. படைத்ததைத் தினமும் துடைத்துத் தூக்கி நிறுத்தி உயிரோடு வைத்திருப்பவரை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்தக் கோபத்திலிருந்து 1969-இல் அவர் ஓர் அறிக்கை எழுதினார். பராமரிப்புக் கலைக்கான அறிக்கை என்று அதற்குப் பெயர். அருங்காட்சியகத்துக்கு அனுப்பும் கண்காட்சித் திட்டத்தின் வடிவில் அதைத் தட்டச்சு செய்திருந்தார். நான் செய்யும் வீட்டு வேலையை அருங்காட்சியகத்துக்குள் வந்து செய்வேன், அதுதான் படைப்பு என்பது அதன் சாரம்.

1973-இல் கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபோர்டில் உள்ள வாட்ஸ்வர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் அதைச் செய்தும் காட்டினார். வாசல் படிகளைத் தண்ணீர் ஊற்றித் துணியால் தேய்த்துக் கழுவினார். உள்ளே எகிப்திய மம்மி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அந்தக் கண்ணாடியைத் துடைப்பது துப்புரவு ஊழியரின் அன்றாட வேலை. அன்று யூக்கலஸ் அதைத் துடைத்து, தன் பராமரிப்புக் கலை முத்திரையைக் குத்தினார். இப்போது விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். அந்தத் தூசி துடைத்த கண்ணாடி ஒரு கலைப்படைப்பு. கலைப்படைப்பைத் தொடும் உரிமை துப்புரவு ஊழியருக்குக் கிடையாது. பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநருக்கு மட்டும்தான் உண்டு. மறுமுறை அதைத் துடைக்க அந்த வல்லுநரே வர வேண்டியதாயிற்று. கண்ணாடி அதேதான், துணி அதேதான், கையசைவும் அதேதான். ஒருவர் செய்தால் கூலி வேலை, மற்றவர் செய்தால் வல்லமை. இடையில் இருந்தது ஒரு ரப்பர் ஸ்டாம்ப் மட்டும்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1976-இல், மன்ஹாட்டனில் விட்னி அருங்காட்சியகத்தின் கிளை இயங்கிய பெரிய அலுவலகக் கட்டடத்தைப் பராமரித்த 300 ஊழியர்களிடம் போனார். தினமும் ஒரு மணி நேர வேலையை மட்டும் கலை என்று நினைத்துச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவர்கள் வேலை செய்யும்போது போலராய்டு கேமராவில் படம் எடுத்து, அங்கேயே காட்டி, இது வேலையா, கலையா என்று கேட்டார். ஒவ்வொருவரும் சொன்ன பதிலைப் படத்தின் மேலேயே பதிவு செய்தார். இரவு வேலைக்கு வரும் பெண், லிஃப்டை இயக்குபவர், காவலாளி எல்லோரும் தங்கள் வேலைக்குத் தாங்களே பெயர் சூட்டினார்கள். பணியாளர் பதிவேட்டில் அவர்களுக்குப் பதவிப் பெயர் இருந்திருக்கும். இந்தக் கேள்வி எந்தப் பதிவேட்டிலும் இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் நியூயார்க் நகராட்சி திவாலாகும் நிலைக்குப் போயிருந்தது. ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. இந்தக் கண்காட்சியைப் பற்றி எழுதிய ஒரு விமர்சகர், துப்புரவுத் துறையும் தன் வேலையைக் கலை என்று சொல்லி மானியம் வாங்கிக்கொள்ளலாமே என்று கேலியாக எழுதிவைத்தார். யூக்கலஸ் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. விமர்சனத்தைத் துப்புரவுத் துறை ஆணையருக்கே அனுப்பினார். துறை அவரை அழைத்தது. 1977-இல் அவர் நியூயார்க் துப்புரவுத் துறையின் உறைவிடக் கலைஞரானார். சம்பளம் கிடையாது.

துறையில் அவருடைய முதல் பெரிய படைப்பு 1979 ஜூலையில் தொடங்கி 1980 ஜூனில் முடிந்தது. அந்தத் துறையில் அப்போது 8,500 துப்புரவுப் பணியாளர்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் சந்திப்பது என்று யூக்கலஸ் முடிவு செய்தார். நகரத்தின் 59 வட்டாரங்களுக்கும் வரைபடம் போட்டார். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் நேரத்துக்கே டிப்போவில் போய் நின்றார். குப்பை லாரிகளின் பின்னால் போனார், குப்பைக் கிடங்குகளுக்குப் போனார். ஒவ்வொருவர் எதிரிலும் நின்று கைகுலுக்கி, இந்த நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்கு நன்றி என்று சொன்னார். சந்தித்தவர்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார். ஏறக்குறைய 11 மாதங்கள் இப்படியே நடந்தது.

இதில் என்ன கலை என்று கேட்கலாம். இப்படி யோசித்துப் பாருங்கள். ஆணையர் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் நன்றி ஒரே நாளில் 8,500 பேருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதை அறிவிப்புப் பலகையில் குத்தியிருப்பார்கள், வாரக் கடைசியில் கிழித்திருப்பார்கள். யூக்கலஸ் அதே செய்தியை, அதே சொற்களில், அதே ஆட்களுக்குக் கொண்டுபோனார். வட்டாரம், வரைபடம், ஷிஃப்ட், பதிவு என்று நிர்வாகத்தின் ஒழுங்கு முழுவதையும் கடைப்பிடித்தார். மாற்றியது ஒன்றைத்தான்: செய்தியைச் சொல்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். சுற்றறிக்கைக்குப் பதில் சொல்ல முடியாது. கையை நீட்டுபவருக்குப் பதில் சொல்லலாம். அவர்களும் சொன்னார்கள். தெருவில் தாங்கள் கேட்ட ஏச்சுகளை, மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகிப்போனவர்களை, தொழிலைச் சொல்லக் கூச்சப்பட்டதை எல்லாம் கொட்டினார்கள். 1984-இல் அந்த ஏச்சுச் சொற்களைக் கண்ணாடி ஜன்னல்களில் எழுதிவைத்து, சமூகத்தின் பல தரப்பினரையும் அழைத்து அவற்றைக் கழுவித் துடைக்க வைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு குப்பை லாரியின் பக்கங்களில் கண்ணாடி பதித்து ஊர்வலத்தில் விட்டார். வேடிக்கை பார்த்தவர்களுக்கு லாரியில் தெரிந்தது அவர்களுடைய முகம். குப்பை யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

கைகுலுக்கினால் சம்பளம் உயருமா, நோய் தீருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை மறைக்கக் கூடாது. உயராது, தீராது. அதைச் சங்கமும் சட்டமும் செய்ய வேண்டும். ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற கலைஞர் நன்றி சொன்னால் எனக்கும் கோபம்தான் வரும். யூக்கலஸ் விஷயத்தில் என்னை அசைப்பது அவர் போகாமல் இருந்தார் என்பதுதான். அந்தத் துறையோடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இணைந்திருந்தார். 2016-இல் குவீன்ஸ் அருங்காட்சியகம் அவருடைய மொத்தப் படைப்புகளையும் கண்காட்சியாக வைத்தபோதும் அவர் துப்புரவுத் துறையின் கலைஞர்தான். பராமரிப்பைப் பற்றிப் பேசியவர் உறவையும் பராமரித்தார்.

யூக்கலஸ் வட்டாரம் வட்டாரமாகச் சுற்றிக்கொண்டிருந்த அதே சமயம், அதே நகரத்தில் இன்னொருவர் அறையை விட்டு அதிகம் நகரவே முடியாதபடி ஒரு வேலையைத் தொடங்கினார். தைவானில் 1950-இல் பிறந்த டெச்சிங் ஷே, கப்பலில் மாலுமியாக வந்து, 1974-இல் அமெரிக்காவில் இறங்கிக் காணாமல் போனவர். பதினான்கு ஆண்டுகள் குடியுரிமைத் தாள் எதுவும் இல்லாமல் வாழ்ந்தார். 1980 ஏப்ரல் 11 முதல் ஓராண்டுக்கு, தொழிற்சாலைகளில் இருப்பது போன்ற நேரப்பதிவு இயந்திரத்தில் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை அட்டையைக் குத்தினார். இரவு, பகல், இருபத்து நான்கு மணி நேரமும். அட்டைகளில் சாட்சியின் கையெழுத்தும் உண்டு. ஓராண்டில் குத்த வேண்டியது 8,760 முறை. 133 முறை தவறியது. அதையும் அவர் பதிவு செய்துவைத்தார்: 94 முறை தூங்கிப்போனது, 29 முறை தாமதம், 10 முறை நேரத்துக்கு முன்பே குத்திவிட்டது.

ஒவ்வொரு முறை குத்தும்போதும் ஒரே ஒரு சட்டகம் படம் எடுத்தார். தொடங்கும் முன் தலையை மழித்திருந்தார். ஓராண்டுப் படச் சட்டகங்களை ஓடவிட்டால் ஏறக்குறைய ஆறு நிமிடம் வருகிறது. இயந்திரத்தின் முள் பைத்தியம் பிடித்ததுபோல் சுற்றுகிறது. பக்கத்தில் நிற்பவரின் முடி மெல்ல வளர்ந்து தோளைத் தொடுகிறது. வருகை அட்டை ஒன்றை மட்டும்தான் கேட்கும்: வந்தாயா? வந்தவன் எப்படி இருக்கிறான் என்று கேட்க அதற்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கான பதில் படத்தில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த அரசுப் பதிவிலும் இல்லாத மனிதர், தானே ஓர் அலுவலகமாகித் தன் இருப்பைத் தானே 8,627 முறை பதிவு செய்தார். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தவர்களுக்கு இதன் வலி சட்டென்று புரியும். பதிவேட்டில் இருப்பதும் ஒரு சுமை, இல்லாதிருப்பதும் ஒரு சுமை.

இருப்பைத் தெரிவிப்பது என்றதும் ஆன் கவாராவைச் சொல்லாமல் போக முடியாது. ஜப்பானில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த இந்த ஓவியர், 1970 முதல் பல பத்தாண்டுகள் நண்பர்களுக்கும் கலை உலகத்தினருக்கும் தந்திகள் அனுப்பினார். எல்லாவற்றிலும் ஒரே செய்தி: நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன். தந்தி என்றாலே வாசலில் கூட்டம் கூடி அழத் தொடங்கிவிடும் வீடுகள் நம்முடையவை. இந்தியாவில் தந்திச் சேவை 2013-இல் முடிவுக்கு வரும்வரை அந்தப் பயமும் பலருக்குப் போகவில்லை. அதனால் கவாராவின் தந்தி நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே புரியும். செய்தி பெற்றவர் படிக்கும் நேரத்தில் அது இன்னும் உண்மைதானா என்ற நடுக்கமும் அதில் சேர்ந்தே வருகிறது.

எல்லாப் படிவங்களிலும் கொடுமையானது, ஒருவரைத் தன் சொந்த ஊருக்குப் போகவிடாமல் தடுக்கும் படிவம். பாலஸ்தீனக் கலைஞர் எமிலி ஜாசிரின் ‘நாம் எங்கிருந்து வருகிறோம்’ என்ற படைப்பு அதைப் பற்றியது. 2001-க்கும் 2003-க்கும் இடையில் செய்தது. அவரிடம் அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தது. அதைக் காட்டினால் சோதனைச் சாவடிகளைத் தாண்டலாம், இஸ்ரேலுக்குள்ளும் போகலாம். மற்றப் பாலஸ்தீனர்கள் பலருக்கு அது முடியாது. வெளிநாடுகளில் வாழ்ந்தவர்களிடமும், உள்ளேயே இருந்தும் நகர முடியாதவர்களிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டார்: பாலஸ்தீனத்தில் எங்கேயாவது போய் உங்களுக்காக நான் எதையாவது செய்ய முடியுமென்றால், என்ன செய்யட்டும்?

பதில்கள் வந்தன. ஒருவர், என் அம்மாவின் பிறந்தநாளன்று ஜெருசலேமில் உள்ள அவருடைய கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துப் பிரார்த்தனை செய்யுங்கள் என்றார். ஒருவர், ஹைஃபாவில் முதலில் கண்ணில் படும் பாலஸ்தீனப் பையனோடு கால்பந்து ஆடுங்கள் என்றார். ஒருவர், ஜெருசலேம் தபால் நிலையத்தில் என் தொலைபேசிக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள் என்றார். இன்னொருவருக்குத் தன் குடும்பத்தின், முக்கியமாகச் சகோதரரின் பிள்ளைகளின் படம் வேண்டியிருந்தது. ஜாசிர் போய்ச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளும் ஒரு புகைப்படமும் வைத்தார். தாளில் அரபியிலும் ஆங்கிலத்திலும் கோரிக்கை இருக்கும். அதன்கீழே கேட்டவர் எங்கே பிறந்தார், எங்கே வாழ்கிறார், என்ன அடையாள ஆவணம் வைத்திருக்கிறார், பெற்றோர் எந்த ஊர், ஏன் அவரால் போக முடியாது என்று குறிப்புகள் இருக்கும்.

அந்தக் குறிப்புகள் எல்லாம் எல்லைக் காவல் அலுவலகம் கேட்கும் அதே விவரங்கள். வரிசைகூட ஏறக்குறைய அதேதான். அங்கே அந்த விவரங்கள் ‘அனுமதி இல்லை’ என்று எழுதுவதற்குப் பயன்பட்டன. ஜாசிரின் தாளில் அவற்றுக்கு மேலே ஓர் ஆசை உட்கார்ந்திருக்கிறது. போன் பில் கட்டுவதுபோன்ற சின்ன வேலையைக்கூட ஒருவர் இன்னொருவரிடம் இரந்து கேட்க வேண்டியிருக்கிறது என்று காட்டினால் போதும். முழக்கம் எதுவும் தேவைப்படாது. எந்த விசா விண்ணப்பத்திலும் ‘உங்களுக்கு என்ன ஆசை?’ என்ற கட்டம் கிடையாது. அந்தக் கட்டத்தை ஜாசிர் போட்டுக் கொடுத்தார். மனுவை வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தருவதோடு நிற்காமல் காரியத்தையும் செய்து முடித்துவிட்டு வந்தார்.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரையும் மறந்துவிடக் கூடாது. டச்சுப் புகைப்படக்காரர் யான் பானிங், 2003 முதல் 2007 வரை இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா, பிரான்ஸ், பொலிவியா, லைபீரியா, ஏமன் ஆகிய எட்டு நாடுகளின் அரசு அலுவலகங்களுக்கு ஓர் எழுத்தாளரோடு சென்றார். இந்தியாவில் அவர் போனது பீகாருக்கு. முன்கூட்டிச் சொல்லாமல் போவார்கள். மேசையை ஒழுங்குபடுத்த நேரம் கொடுக்க மாட்டார்கள். எல்லாப் படங்களும் சதுரம். எல்லாமே, மனு கொடுக்க வந்தவர் நிற்கும் இடத்திலிருந்து, அவர் பார்க்கும் உயரத்திலிருந்து எடுத்தவை. கீழே அலுவலரின் பெயர், வயது, பதவி, மாதச் சம்பளம். குடிமக்களை எப்போதும் விவரமாக்கும் அலுவலரை, அதே முறையில் விவரமாக்கியிருக்கிறார். பார்த்துக்கொண்டே போனால் பகை கரைந்துவிடுகிறது. தாள் மலைக்கு நடுவே, சாமி படத்துக்கும் நாட்காட்டிக்கும் கீழே, மங்கிய விளக்கொளியில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதரும் ஒரு கட்டத்துக்குள்தான் இருக்கிறார்.

கடைசியாக, நம் மொழியிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர். 2011-இல் வெளிவந்த அவருடைய நூல்வடிவக் கலைப்படைப்பின் பெயர் முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும். தோம்பு என்பது இலங்கையில் போர்த்துக்கீசரும் பின்னர் ஒல்லாந்தரும் வைத்திருந்த காணிப் பதிவேடு. யாருக்கு எவ்வளவு நிலம், என்ன மரங்கள், என்ன வரி என்று எழுதிவைத்த பேரேடு. ஆள வந்தவர்கள் வரி வாங்குவதற்காக உண்டாக்கிய அந்த வடிவத்தை, போரில் வீடிழந்தவர்களுக்காகச் சனாதனன் எடுத்துக்கொண்டார்.

செய்முறை எளியது. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். அவர்கள் சொன்ன கதையையும் பதிந்துகொண்டார். கோணல்மாணலான அந்தக் கோட்டுப்படத்தோடு, கட்டடக் கலைஞர் வரைவதுபோல் அளவெடுத்த ஒரு வரைபடம் வருகிறது. அதோடு சனாதனன் அந்தக் கதையிலிருந்து வரைந்த ஓவியம் ஒன்றும் வருகிறது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1995 அக்டோபரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியே இரவோடு இரவாகக் காலியானது. அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் காணி உறுதியைக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்க முடியும்? எடுத்துப் போனவர்களுக்கும் அந்த உறுதியில் வேலியும் எல்லையும்தான் இருக்கும். கிணறு எந்தப் பக்கம், சாமியறைக்கு எப்படிப் போவது, மாமரத்தின் நிழல் எந்த ஜன்னலில் விழும் என்பதெல்லாம் அதில் இருக்காது. நினைவிலிருந்து வரையும்போது கை அவற்றைத்தான் முதலில் வரைகிறது.

இந்த மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பேச்சு எப்படி ஆவணமாகிறது, ஆவணத்தில் எது உதிர்ந்துபோகிறது, உதிர்ந்ததைக் கலை எப்படிப் பொறுக்கி எடுக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒரு வகுப்பறையில் பல மாதங்கள் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாக வராது.

ஆக, அடுத்த முறை கண்காட்சியில் கோப்பையும் அட்டையையும் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் கலைஞர் எந்தப் படிவத்தைக் கடன் வாங்கியிருக்கிறார்? அந்தப் படிவத்தில் யாருக்கு, எதற்கு இடம் இல்லாமல் இருந்தது? அந்த இடத்தை உண்டாக்க இவர் தன் உடம்பால், தன் நேரத்தால் என்ன செய்தார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால், அது அலுவலகச் சாமான்களை அலங்காரமாக வைத்த படைப்பாகவே இருக்கலாம், தயங்காமல் நகர்ந்துவிடலாம். பதில் கிடைத்தால் நின்று பாருங்கள். 8,500 கைகள், 8,627 அட்டைக் குத்தல்கள், ஒரு தாயின் கல்லறைக்குப் போன பயணம், நினைவிலிருந்து மீண்ட ஒவ்வொரு வீடும். இவை எல்லாவற்றிலும் உழைப்பு இருக்கிறது. அலுவலகம் ஆயிரம் பேரை ஒரே ஆளாக நடத்துகிறது. இவர்கள் அதே ஒழுங்கோடு ஆயிரம் பேரையும் ஒவ்வோர் ஆளாக நடத்திக் காட்டுகிறார்கள்.

இதனால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. நியூயார்க் நகரம் 2015-இல், யூக்கலஸின் முன்மாதிரியை வைத்து, அரசுத் துறைகளுக்குள் கலைஞர்களை அமர்த்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குடியேறிகளுக்கான அலுவலகம், முன்னாள் படைவீரர் நலத்துறை போன்றவற்றில் கலைஞர்கள் போய் உட்கார்ந்து, அங்கே வருகிறவர்களோடும் வேலை செய்பவர்களோடும் சேர்ந்து யோசிக்கிறார்கள். சம்பளம் இல்லாத ஒரு பெண் 1977-இல் பிடிவாதமாகத் திறந்த கதவு, இப்போது நகரத்தின் கொள்கையாகிவிட்டது.

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடத்தும் மாநிலம் நம்முடையது. ஆட்சியருக்கு நேர் எதிரே நின்று பேசும் உரிமை சாதாரண மனிதருக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. மனு வாங்குவதற்கு இவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்டவர்கள், மனுவில் எழுத முடியாததைக் கேட்பதற்கும் ஓர் ஆளை அமர்த்தலாம். ஒரு மாநகராட்சி, ஒரு துறை, ஒரு கலைஞர் என்று தொடங்கினால்கூடப் போதும். தூய்மைப் பணியாளர்களிடமிருந்தே தொடங்கலாம். அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நம்மிடம் நிறைய பாக்கி இருக்கின்றன.